தனிப் பராமரிப்பு உதவிப் பணி (தமிழ்நாடு)

முதியவர்கள், உடல் இயக்கம் குன்றியவர்கள், படுத்த படுக்கையானவர்கள் ஆகியோரைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, மலசலம் கழிக்க உதவுவது ஆகியவற்றைச் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. ஓர் உதவியாளரைச் சில வீடுகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. தமிழ்நாட்டில் இதைத் தாயும் மனைவியும் மருமகளுமே கூலியில்லாமல் செய்துவந்தார்கள். இன்றும் பெரும்பாலும் அவர்கள்தான்.

சுவீடனின் ஸ்டாக்ஹோமில் 1980களில் மாற்றுத்திறனாளிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசு தந்த பணத்தைக் கொண்டு உதவியாளர்களைத் தாங்களே நியமித்தார்கள். 2006இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை தனிநபர் உதவியை உரிமையாக ஏற்றது. 2007இல் இந்தியாவும் அதை ஏற்றது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பராமரிப்பாளர் படிக்கு இடம் கிடைத்தது.

தமிழ்நாடு அரசு கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் ₹2,000 பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. உயர் ஆதரவு தேவைப்படுபவர்களுக்கு உதவியாளருக்கென மேலும் ₹1,000 உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கு 2018இல் அரசே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு ₹37. அந்தக் கணக்கில் பார்த்தாலும் ஆயிரம் ரூபாய்க்கு மாதம் 27 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. தண்டுவடம் அடிபட்டவரையோ இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இடுப்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண். மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டாலும் பகலில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே தேறும், இரவுக்கு ஆளில்லை. இந்தப் பற்றாக்குறையைப் பணியாளரின் கூலியில் பிடித்து ஈடுகட்டுவது அநியாயம்.

மதுரை–திண்டுக்கல் சாலையிலுள்ள சமயநல்லூர் போன்ற ஊர்களில், படுக்கையில் இருப்பவரை ஆட்டோவில் ஏற்றி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் வீட்டில் ஒருவரின் அன்றைய கூலி போய்விடும். இத்தகைய வீடுகளுக்காகவே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். பிசியோதெரபிஸ்டும் வலிநிவாரணச் செவிலியரும் வட்டாரம் முழுவதையும் சுற்றுகிறார்கள். 2024இல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது.

தெருத் தெருவாக நடந்து இதைத் தூக்கி நிறுத்திய பெண்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது மாதம் ₹4,500. அதுவும் சம்பளமாக அல்ல, ஊக்கத்தொகையாக.