நல்லூரை எப்படிச் சுற்றிக் காட்டுவது?

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் நாங்கள் கூட்டிக்கொண்டு போற பாதை எல்லாருக்கும் தெரியும். முதலில் கந்தசுவாமி கோயில். பிறகு பருத்தித்துறை வீதியில் சங்கிலித்தோப்பு வாசல், மந்திரிமனை. நேரம் மிஞ்சினால் யமுனா ஏரி. "இதுதான் சங்கிலியன்ட அரண்மனை வாசல்" எண்டு சொல்லி ஒரு படம் எடுத்தால் சரி. அரை மணித்தியாலத்தில் ஒரு தலைநகரம் முடிஞ்சுது.

ஆனால் அந்த வாசலும் மந்திரிமனையும் இன்று நிற்கிற வடிவத்தில் அரசர் காலத்தவை அல்ல என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வளைவிலும் தூண்களிலும் தெரிவது ஐரோப்பியர் ஆட்சிக்காலக் கட்டடமுறை. பழைய அரச வளவில் பிறகு எழுந்தவையாக இருக்கலாம். 'சங்கிலியன்' என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரை எதிர்த்த முதலாம் சங்கிலி வேறு, கடைசி அரசன் சங்கிலி குமாரன் வேறு. நாங்கள் இரண்டு பேரையும் ஒராளாக்கிச் சொல்லிவிடுகிறோம்.

அப்ப உண்மையான நல்லூர் எங்கே போனது?

1619இல் பிலிப் தே ஒலிவேரா சங்கிலி குமாரனைத் தோற்கடித்தான். அரசன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. கப்பல் வழி வந்தவர்களுக்குக் கடலோரம்தான் தேவைப்பட்டது. அதனால் ஆட்சி மையம் நல்லூரை விட்டு இன்றைய கோட்டைப் பக்கம் போனது. கோயில் கற்களும் கோட்டைக்கே போனதாகச் சொல்வார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அந்தக் கோட்டையை ஐங்கோண வடிவில் திருப்பிக் கட்டினார்கள். நாங்கள் இன்று கும்பிடுகிற கந்தசுவாமி கோயிலே 1734இல் ரகுநாத மாப்பாண முதலியார் காலத்தில் வேறொரு இடத்தில் தொடங்கியது. பழைய கோயில் யமுனா ஏரிப் பக்கம், இப்போது தேவாலயம் நிற்கிற இடத்தில் இருந்ததாக நம்பப்படுகிறது.

கட்டடம் போய்விட்டது. நகரத்தின் அமைப்பு முழுக்கப் போகவில்லை. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாசநாதர் என்று நாலு திசைக்கும் நாலு காவல் கோயில்கள். அவையும் இடிபட்டுத் திரும்ப எழுந்தவைதான். ஆனாலும் நாலையும் சைக்கிளில் சுற்றி வந்தால் தலைநகரத்தின் அளவு காலுக்கே விளங்கும். நடுவில் முத்திரைச் சந்தை. சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், செட்டித்தெரு என்று பெயர்கள் இன்னும் வாயில் இருக்கின்றன. கல்லை ஏற்றிக்கொண்டு போனவர்களால் இந்தப் பெயர்களைக் கொண்டுபோக முடியவில்லை.

நல்லூரைப் பிடித்தவர்களின் தலைநகரான லிஸ்பனையும் 1755இல் நிலநடுக்கம் அழித்தது. அங்கே நகர நடுப்பகுதி அதற்குப் பிறகு திட்டம் போட்டுக் கட்டினது என்பதை ஒளிக்கிறதில்லை. அழிந்து எழுந்த கதையே அந்த நகரத்தைப் பார்க்கிறதுக்கு ஒரு காரணம். பெலேம் கோபுரம் நிலநடுக்கத்துக்கு முந்தியது என்று பிரித்துச் சொல்லலாம். அப்படிச் சொல்லுறதால லிஸ்பன் சின்ன நகரமாகிவிடவில்லை.

நாங்களும் அப்படிச் சொல்லலாம். ஏனெண்டால் இது வெறும் சுற்றுலாக் கதையில்லை. இங்கே ஒரு அரசு இருந்ததா என்பதே இந்த நாட்டில் அரசியல் வாக்குவாதமாகிற விஷயம். பிற்காலத்து வாசலைக் காட்டி "இதுதான் ஆதாரம்" எண்டு நிண்டால், அந்த வாசலின் காலத்தை ஒருவர் பிழை என்று காட்டுகிற நாளில் அரசும் கட்டுக்கதை போலத் தெரியும். யாழ்ப்பாண அரசுக்கு அந்த வாசல் தேவையில்லை. அதை வென்ற போர்த்துக்கேயரே அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாசலையும் மந்திரிமனையையும் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவையும் பழசுதான், காப்பாற்ற வேண்டியவைதான். அவற்றின் காலத்தைச் சரியாகச் சொல்லிக் காட்டுவோம். அடுத்த முறை ஆராவது வந்தால் நாலு கோயிலில் இருந்து தொடங்குங்கோ. முத்திரைச் சந்தையில் இறங்கி யமுனா ஏரி வரைக்கும் நடந்து போங்கோ. வழியில் பெயர்ப்பலகைகளை வாசிச்சுக் காட்டுங்கோ. அரை மணித்தியாலம் காணாது.