ஜாக்சன் துரைக்கு யார் வேஷம் கட்டுவது?

தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் மாறுவேடப் போட்டி வந்தால் கட்டபொம்மனுக்குப் பஞ்சமே இருக்காது. அட்டையில் கிரீடம், கண்மையில் மீசை, அம்மாவின் பட்டுப்புடவை மேலாடையாக.. அவ்வளவுதான், வீரபாண்டியன் தயார். பாஞ்சாலங்குறிச்சி இதே மாவட்டத்தில்தானே இருக்கிறது, உரிமை கொஞ்சம் அதிகம். தகராறு எல்லாம் ஜாக்சன் துரைக்குத்தான். தோற்கப்போகிறவன் வேஷத்தை எவன் கட்டுவான்? கடைசியில் வகுப்பிலேயே சிவப்பாக இருக்கும் பையன் ஒருவன் மாட்டுவான். அவன் முகத்தில் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, தலையில் ஒரு தொப்பியை வைத்து, தமிழைக் கடித்துத் துப்பச் சொன்னால் வெள்ளைக்காரன் வந்துவிட்டான்.

ஒரு இனத்துக்காரர் வேஷத்தை இன்னொரு இனத்துக்காரர் போடலாமா என்று அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நம்மூரில் அதற்கு ஒரு டப்பா பவுடர் போதும். ஆனால் நாற்காலியில் இருக்கிற தலைவரைப் போல நடித்துக் கிண்டல் செய்யலாமா என்ற இன்னொரு கேள்வி இருக்கிறது. அங்கே அது எப்போதோ தீர்ந்துவிட்டது. இங்கேதான் இன்னும் தீரவில்லை. எப்படி இப்படித் தலைகீழாக ஆனது என்று பார்க்க ஜாக்சன் துரையிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.

நிஜ ஜாக்சன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர். 1792 ஒப்பந்தத்தின்படி ஆற்காட்டு நவாபு பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கட்டபொம்மன் கணக்கில் பாக்கி ஏறிக்கொண்டே போனது. (காமர்ஸ் பாஷையில் சொன்னால் வராக் கடன். ஆனால் கடன் கொடுத்ததாகவே ஒத்துக்கொள்ளாத கடனாளி!) சந்திக்க வரச்சொன்ன ஜாக்சன், ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரம் அரண்மனையில் பார்த்தார். நிற்கவைத்தே பேசினார் என்கிறார்கள். கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மன் தப்பித்தார், அவருடைய காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். விசாரணைக்குப் பிறகு ஜாக்சனின் பதவி போய் லஷிங்டன் வந்தார். மறு வருஷம் பானர்மேன் படையோடு வந்தார். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம். மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும்.

நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் காட்சி 1798இல் நடந்தது அல்ல. அது 1957இல் நடந்தது. சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதி சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகம், 1959இல் பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் சினிமாவானது. வரி கேட்கும் துரையும் மறுக்கும் பாளையக்காரரும் அடுக்குத் தமிழில் மோதிக்கொள்கிறார்கள். நிஜத்தில் நடுவே ஒரு துபாஷி இல்லாமல் அந்தப் பேச்சு நடந்திருக்க வாய்ப்பே குறைவு. போதாததற்கு, கட்டபொம்மனின் குலம் தெலுங்கு பேசும் இராஜகம்பளத்து நாயக்கர் குலம். ஆக, தெலுங்கு வம்சத்துப் பாளையக்காரராகத் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் வந்த சிவாஜி, இங்கிலாந்துத் துரையாகத் தமிழ் நடிகர் சி.ஆர்.பார்த்திபன், இரண்டு பேரும் பேசுவது செந்தமிழ். யாருக்கும் உறுத்தவில்லை. 1960இல் கெய்ரோ திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதே கிடைத்தது. பார்த்திபன் அதன் பிறகு எத்தனையோ படங்களில் நடித்தும், 2021இல் மறையும் வரை 'ஜாக்சன் துரை' என்றால்தான் ஜனங்களுக்கு அடையாளம் தெரிந்தது. (2016இல் 'ஜாக்சன் துரை' என்ற பெயரிலேயே ஒரு பேய்ப்படம் வந்தது. அதில் ஜாக்கரி காஃபின் என்ற நிஜ வெள்ளைக்காரரே ஜாக்சனாக நடித்தார். பவுடர் செலவு மிச்சம் :-) )

இந்தக் காட்சிதான் தமிழ் மிமிக்ரியின் அரிச்சுவடி. பல குரல் கலைஞன் என்று மேடை ஏறியவன் சிவாஜியின் கட்டபொம்மனைச் செய்யாமல் இறங்கியதில்லை. கட்டபொம்மனாக ரஜினி வந்தால், எம்.ஆர்.ராதா வந்தால், ஜாக்சனிடம் டி.ராஜேந்தர் பேசினால் என்று ஒரே காட்சியை வைத்தே கால் மணி நேரம் ஓட்டுவார்கள். சின்னி ஜெயந்த், மயில்சாமி, தாமு என்று மிமிக்ரி மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் பலர். விஜய் டிவியில் 'லொள்ளு சபா' சினிமாக்களையே பிரித்து மேய்ந்தது. 2005இல் 'கலக்கப் போவது யாரு?' வந்தபோது மிமிக்ரிக்கு ஒரு வாராந்திரக் கச்சேரியே கிடைத்தது. சிவகார்த்திகேயன் வந்தது அங்கிருந்துதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த நிகழ்ச்சிகளில் கிண்டலுக்கு வந்தவர்கள் அநேகமாக நடிகர்கள். அரசியல்வாதி வந்தாலும் விஜயகாந்த், டி.ராஜேந்தர் போல 'நடிகர்' என்ற வாசல் வழியாகத்தான் வருவார். முதலமைச்சராக ஒருவர் மேக்கப் போட்டு உட்கார்ந்து, வாராவாரம் அந்த வாரத்து அரசியலைக் கிழிக்கிற தொடர் தமிழ்த் தொலைக்காட்சியில் வேரூன்றவே இல்லை. காரணம் தேட ரொம்ப தூரம் போகவேண்டாம், முதலாளி யார் என்று பார்த்தாலே போதும். 1993இல் சன் டிவி, 1999இல் ஜெயா டிவி, 2006இல் மக்கள் டிவி, 2007இல் கலைஞர் டிவி, 2010இல் கேப்டன் டிவி. கட்சிக்கு ஒரு சேனல், அல்லது சேனலுக்கு ஒரு கட்சி. சொந்தத் தலைவரைக் கிண்டல் செய்ய முடியாது. எதிர்க்கட்சித் தலைவரைக் கிண்டல் செய்தால் அது காமெடி இல்லை, தேர்தல் பிரச்சாரம். கட்சி சாராத சேனலுக்கோ கேபிள் இணைப்பும் விளம்பரமும் பிழைப்பும் பார்க்கவேண்டியிருந்தது.

நாற்காலியில் இருக்கிறவரைத் தொட வேண்டுமென்றால் வேஷத்துக்குள் இன்னொரு வேஷம் போடவேண்டும் என்பது தொலைக்காட்சிக்கும் ரொம்ப முந்தைய பாடம். தமிழ் நாடகத்தின் தந்தை என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் இதே தூத்துக்குடிச் சீமைக்காரர், காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' போன்ற புராண நாடகங்கள் தென்மாவட்டம் முழுக்க விடிய விடிய நடந்தன. நாடகம் புராணம்தான், ஆனால் நடுவே நடிகர் என்ன பாடுவார் என்று போலீஸுக்குத் தெரியாது. விசுவநாத தாஸ் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். முருகனாக மேடையில் நின்றுகொண்டு, வயலை மேய வந்த வெள்ளைக் கொக்கை விரட்டுகிற மாதிரி அவர் பாடுவார். கொக்கு யார் என்று கொட்டகையில் தரை டிக்கெட்டுக்கும் தெரியும், பின்வரிசையில் நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். 1876லேயே நாடகங்களைத் தடுக்க வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்தான். தாஸ் பல முறை கைதானார், ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் போனது.

கணக்கைப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தபோது அவன் கொக்காகத்தான் மேடைக்கு வரமுடிந்தது. போய்ப் பத்து வருஷம் கழித்துத்தான் ஜாக்சன் துரையாகவே, பெயரோடும் தொப்பியோடும் வந்து திட்டு வாங்கினான். அப்போது அவனைத் திட்டுவதில் யாருக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் வழி மாறவில்லை. சோ 1968இல் மேடையேற்றி 1971இல் படமாக்கிய 'முகமது பின் துக்ளக்' பதினான்காம் நூற்றாண்டு சுல்தான் கல்லறையிலிருந்து எழுந்து வந்து பிரதமராவதாகக் கதை. அதிலும் அந்த சுல்தானே ஒரு போலி! அரசியல்வாதியைப் பற்றிப் பேச, சுல்தான் வேஷம் போட்ட ஒரு ஆசாமியின் வேஷத்தை சோ போடவேண்டியிருந்தது. அப்படியும் படத்துக்கு எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. 2006இல் சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யும் இதே பரம்பரைதான். கட்டபொம்மன் படத்து ராஜ உடையும் ராஜ மீசையும் வடிவேலுவுக்கு. வீரத்துக்குப் பதில் வெள்ளைக்காரனுக்குக் கும்பிடு. குளிர்பானக் கம்பெனி கூட அதில் 'அக்கமாலா', 'கப்சி' என்று வேஷம் போட்டுத்தான் வந்தது.

அந்தப் புலிகேசி வேஷம் 2022இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அந்த வருஷம் பொங்கல் சமயத்தில் ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் ராஜாவும் மந்திரியுமாக வந்து, நோட்டு செல்லாமல் ஆக்கிய ஒரு மன்னனைப் பற்றியும், விதவிதமான கோட்டுப் போட்டு ஊர் சுற்றுவதைப் பற்றியும் பேசினார்கள். பிரதமர் பெயர் வரவில்லை. பாரதிய ஜனதா கட்சித் தரப்பிலிருந்து புகார் போனது. இரண்டொரு நாளில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏழு நாளில் விளக்கம் கேட்டு சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 1940இல் கொட்டகையின் பின்வரிசையில் நின்றவருக்குக் கொக்கு புரிந்தது போலவே, 2022இல் டெல்லிக்கும் ராஜா யார் என்று புரிந்திருக்கிறது. வடக்கேயும் இதே கதைதான். 2017இல் ஷியாம் ரங்கீலா என்ற ராஜஸ்தான் மிமிக்ரிக்காரர் ஸ்டார் பிளஸ் மேடையில் மோடியைப் போலவே பேசி நடுவர்களைச் சிரிக்கவைத்தார். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை.

பெரியவர்களைத் தொடமுடியாது, சரி. வாராவாரம் ஒரு மணி நேரத்தை எதை வைத்து நிரப்புவது? இங்கேதான் நம்முடைய நகைச்சுவையின் இன்னொரு பக்கம் வருகிறது. குண்டு, குள்ளம், வழுக்கை, பெண் வேஷம் போட்ட ஆண், முக்கியமாகக் கறுப்பு. நிகழ்ச்சி நடத்துபவர் முதல் நடுவர் வரை, கறுப்பான சக கலைஞரைப் பார்த்து 'லைட்டைப் போடுங்கப்பா, ஆள் தெரியலை' என்பது மாதிரி ஒரு வரி சொன்னால் சிரிப்பு நிச்சயம். புகார் போகாது. நோட்டீஸ் வராது. 2007இல் 'சிவாஜி' படத்தில் பாரியின் மகள்களான அங்கவை, சங்கவை பெயரையே வைத்து, இரண்டு பெண்களுக்குக் கருமை பூசி, அவர்களைப் பார்த்து கதாநாயகன் மிரள்வதைக் காமெடி என்றார்கள். அதே படத்தில் ஒரு பாட்டில் ரஜினியை வெள்ளையாக்க, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தைக் கம்ப்யூட்டர் மூலம் அவர் முகத்துக்கு மாற்றினார்கள். கறுப்பை அடையாளமாகவே தூக்கிப்பிடித்த திராவிட அரசியலின் மண்ணில் நடந்தது இது! 'லொள்ளு சபா'வில் துண்டு துண்டு வேஷம் போட்டு ஆரம்பித்த யோகி பாபு பிற்பாடு கதாநாயகனாகவே நடித்தார், ஆனாலும் அவர் முகத்தையும் முடியையும் பற்றிய ஜோக் இல்லாத படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி அந்தப் பக்கம். அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' 1975 அக்டோபரில் தொடங்கியது. முதல் வருஷமே செவி சேஸ் என்ற நடிகர் ஜனாதிபதி ஃபோர்டாக வந்து தடுக்கித் தடுக்கி விழுந்தார். மேக்கப் கூட கிடையாது. வெள்ளை மாளிகை என்ன செய்தது? 1976 ஏப்ரலில் ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளரே வந்து அந்த நிகழ்ச்சியை ஒரு வாரம் நடத்திக்கொடுத்தார். ஃபோர்டும் அதற்காகச் சில வரிகள் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். நம்மூரில் இதைக் கற்பனை செய்து பாருங்கள்..

ஆனால் நிறத்தில் அவர்கள் சறுக்கினார்கள். முதல் குழுவில் கறுப்பர் காரெட் மோரிஸ் ஒருவர்தான். 2008இல் ஒபாமா வேட்பாளரானபோது அவராக நடிக்கக் குழுவில் பொருத்தமானவர் இல்லை என்று, கறுப்பர் அல்லாத ஃபிரெட் ஆர்மிசனுக்கு நிறம் பூசி இறக்கினார்கள். நாலு வருஷம் கழித்து 2012இல்தான் ஜே ஃபாரோ என்ற கறுப்பு நடிகருக்கு அந்த வேஷம் போனது. அடுத்த வருஷம் கறுப்புப் பெண் ஒருவர்கூடக் குழுவில் இல்லை என்று சர்ச்சை வெடித்தது. 2013 நவம்பரில் விருந்தினராக வந்த கெர்ரி வாஷிங்டனை மிஷெல் ஒபாமா, ஓப்ரா, பியான்ஸே என்று ஒரே ஆளாக உடை மாற்றி மாற்றி ஓடவைத்துத் தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள். இரண்டு மாதத்தில் சஷீர் ஜமாட்டா சேர்க்கப்பட்டார். சும்மா வந்த மாற்றம் இல்லை, கேட்டு வாங்கியது.

கமலா ஹாரிஸ் வந்தபோது பழைய தப்பு நடக்கவில்லை. கறுப்பினத் தாய்க்கும் யூதத் தந்தைக்கும் பிறந்த மாயா ருடால்ஃப் 2019இல் அந்த வேஷத்தைப் போட்டார், அதற்கு 2020இல் எம்மி விருதும் வாங்கினார், 2024 தேர்தலுக்கும் திரும்பி வந்தார். கமலாவின் தாய்வழித் தாத்தா பி.வி.கோபாலனின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அங்கே 2020இல் பேனர் கட்டி, கோலம் போட்டு, பட்டாசு வெடித்தார்கள். தமிழ்ச் சேனல்கள் எல்லாம் நேரலையில் காட்டின. அதே சேனல்களில் யாராவது கமலாவாக ஒரு நகைச்சுவை நாடகம் போட நினைத்திருந்தால் அமெரிக்காவிலிருந்து நோட்டீஸ் வந்திருக்காது, தைரியமாகப் போட்டிருக்கலாம். அந்த வேஷத்துக்கு ஒரு சிவப்பான பெண்ணைக் கூப்பிட்டிருப்பார்களா, கறுப்பான பெண்ணைக் கூப்பிட்டிருப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.