மதிப்புரைத் தளங்களும் உறுப்பினர் சந்தாவும்

விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியாதிருக்கும்போது நல்ல சரக்கும் சந்தையில் மதிப்பிழந்துவிடும் என்பதை, பழைய மோட்டார் வண்டி வியாபாரத்தை உதாரணமாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் பொருளாதார அறிஞர் 1970-இல் விளக்கினார். அந்த அறியாமையைப் போக்க இணையத்தில் எழுந்த மதிப்புரைத் தளங்கள் வாசகரிடம் சந்தா வசூலிப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமே என்பேன். ஆயின் அவ்வாறு வசூலிக்கும் தளம், தான் மதிப்பிடும் வியாபாரிகளிடம் ஒரு காசும் பெறலாகாது.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1995-இல் தொடங்கிய 'ஆஞ்சிஸ் லிஸ்ட்' என்ற ஸ்தாபனம், குழாய் பழுதுபார்ப்போர், கூரை வேய்வோர் முதலிய தொழிலாளரைப் பற்றி வீட்டுக்காரர்கள் எழுதும் அபிப்பிராயங்களைச் சந்தா செலுத்திய உறுப்பினருக்கு மட்டுமே காட்டிவந்தது. பெயரை மறைத்து எழுத அங்கே இடமில்லை; ஆதலால் பொய்யுரை புகுவது கடினமாயிற்று. சந்தாவின் முதற் பிரயோஜனம் இதுவேயென்று கருதுகிறேன்: பணம் செலுத்தித் தன்னை இன்னாரென்று பதிந்துகொண்ட ஒருவன், போட்டியாளனைப் பழிக்க நூறு வேஷம் பூணுவது எளிதன்று. எனினும் அந்த ஸ்தாபனம் இவ்வளவில் நில்லாமல், எந்தத் தொழிலாளரை உறுப்பினர்கள் மதிப்பிட்டார்களோ அவர்களிடமே விளம்பரத் தொகையும் பெற்று, காலப்போக்கில் தன் வருமானத்தின் பெரும்பகுதிக்கு அவர்களையே நம்பி நின்றது. விளம்பரம் தந்தோர்க்குப் பட்டியலில் முன்னிடம் கிடைத்ததென்று உறுப்பினர் சிலர் வழக்குத் தொடுக்க, ஸ்தாபனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2016-இல் மதிப்புரைகளைப் படிக்கும் உரிமை இலவசமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த ஸ்தாபனம் 'ஹோம் அட்வைசர்' நிறுவனத்தோடு இணைந்தது. இவ்வரலாற்றைச் சந்தா முறையின் தோல்வியாகக் கொள்வோர் உண்டு. இரு தரப்பினரிடமும் ஊதியம் பெற்றதன் விளைவாகவே நான் கொள்கிறேன்.

ஏனெனில், பொருள்களைச் சோதித்து மதிப்பிடும் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற, 1936-இல் பிறந்த அமெரிக்க ஸ்தாபனம் இன்றும் விளம்பரம் ஏற்பதில்லை. சோதனைக்குரிய பொருளைச் சாதாரண வாடிக்கையாளர் போலக் கடையில் விலைகொடுத்து வாங்குகிறது. தன் மதிப்பீட்டை விளம்பரத்தில் எடுத்தாளவும் உற்பத்தியாளரை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. இணையத்திலும் அதன் மதிப்பீடுகளைக் காணச் சந்தா உண்டு. அதன் சுதந்திரத்திற்கு அச்சந்தா பெரியதோர் ஆதாரம்.

ஏழை வாசகர் விலக்கப்படுவர் என்னும் ஆட்சேபத்தை மட்டும் நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். ஏமாற்றத்தைத் தாங்கும் வலிமை அவர்களுக்கே மிகக் குறைவு. ஆகவே, உயிருக்கும் உடலுக்கும் அபாயம் விளைக்கும் பொருள்களைப் பற்றிய எச்சரிக்கை யாவர்க்கும் இலவசமாதல் வேண்டும். பொது நூலகங்கள் தளத்தின் சந்தாவைத் தாமே செலுத்தி, வருவோர்க்கெல்லாம் படிக்கத் தரல் வேண்டும்.