மிஞ்ஞானோவில் விழுந்த சுபேதார்

காஞ்சிபுரம் அருகேயுள்ள கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன். அவர் பணியாற்றியது 1780இல் உருவான மதராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவில். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை இப்படையினரின் வேலை. பின்னால் வரும் காலாட்படை உயிரோடு முன்னேறுவது இவர்கள் கையில்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அவரது 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி இத்தாலிக்குச் சென்றது. 1944 பிப்ரவரியில் மோன்டே காசினோ மலையைச் சுற்றிக் கடும் சண்டை. அதற்குத் தென்கிழக்கே மிஞ்ஞானோவில், பிப்ரவரி 24 அன்று, சுப்பிரமணியன் தலைமையில் ஒரு குழு கண்ணிவெடிகளைத் தேடிக்கொண்டிருந்தது. திடீரென ஒரு கண்ணி முடுக்கப்பட்டது. அது ஜெர்மானியரின் எஸ் வகைக் கண்ணி; மிதித்தவுடன் வெடிக்காது. சுமார் நான்கு விநாடி கழித்து இடுப்புயரத்துக்கு எழும்பி, எஃகுக் குண்டுகளைச் சுற்றிலும் சிதறடிக்கும். தப்பி ஓட அந்த நேரம் போதாது. சுப்பிரமணியன் ஓட நினைக்கவில்லை. கண்ணியின்மேல் பாய்ந்து, வெடிப்பைத் தம் உடலால் தாங்கி உயிர்விட்டார், உடனிருந்தவர்கள் பிழைத்தனர்.

அவ்வாண்டு ஜூன் 30 அரசிதழில் அவருக்கு பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. எதிரியோடு நேருக்கு நேர் மோதாத சூழலில் காட்டும் வீரத்துக்கு உரிய இவ்விருது, போர்க்கள வீரத்துக்கான விக்டோரியா கிராஸுக்கு இணையானது. தமிழகத்தில் அவர் பெயரை அறிந்தோர் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.