குஞ்ஞாலியின் கடைசி வார்த்தை

நயினாதீவுப் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு இருந்தபோது குஞ்ஞாலி மரைக்காரைப் பற்றிய பேச்சு வந்தது. "வெட்டுற நேரம் கலிமா சொல்லித்தான் கழுத்தைக் குடுத்தவர்" என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "இல்லக் காக்கா, சாமூதிரியைச் சபிச்சிட்டுத்தான் போனவராம்." இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்தக் கரையில் அந்தப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. 1591 இல் கடல்வழி வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன் அந்திரே பூர்த்தாதோ. அரசன் புவிராஜ பண்டாரம் அப்போது கொல்லப்பட்டான். ஒன்பது ஆண்டுகள் கழித்து மலபாரில் நான்காம் குஞ்ஞாலியைப் பிடித்தவனும் இவனேதான்.

1600 மார்ச் 16. உயிருக்கு உறுதி பெற்றே குஞ்ஞாலி கோட்டையை விட்டு வெளியே வந்தார். தலையில் கறுப்புத் துணி, கையில் முனை தாழ்த்திய வாள். வாளைச் சாமூதிரியிடம் கொடுத்த கையோடு பூர்த்தாதோ அவரைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டான். கோவாவில் தலையை வெட்டினார்கள். அப்போது அங்கே வைஸ்ராயாக இருந்தவன் வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரன். உடலை நான்காகப் பிளந்து பஞ்சிம், பார்தேஸ் கடற்கரைகளில் வைத்தார்கள். தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பினார்கள். கூடப் பிடிபட்டவர்களிலும் பலர் கொல்லப்பட்டனர். பிறகு கேட்டதைச் சொல்ல நம்மவர் யார் மிஞ்சினார்? அந்த நாட்களை விரிவாக எழுதிவைத்தவர் தியோகோ தோ கோத்தோ, போர்த்துக்கேய அரசின் வரலாற்றாசிரியர். நாடகமும் சினிமாவும் எழுதிய வசனங்கள் பிற்பாடு வந்தவை.

ஆங்கிலேயரின் நெல்சனைப் பாருங்கள். 1805 அக்டோபர் 21, டிரபால்கர். குண்டடிபட்டுச் சுமார் மூன்று மணி நேரம் உயிரோடு கிடந்தார். வைத்தியர் பீட்டி உட்படப் பக்கத்தில் இருந்த மூவர் எழுதிவைத்தார்கள். அப்படியிருந்தும் கப்பல் தலைவன் ஹார்டியிடம் முத்தம் கேட்டது பிற்காலத்தாருக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் சொன்னது 'கிஸ்மத்' என்று திருத்தினார்கள். நாம் நஸீப் என்கிறோமே, அதுதான். ஒரு கிறிஸ்தவத் தளபதியின் வாயில் நம்முடைய சொல்! அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் புழங்கியதே அதற்குப் பிந்தித்தான். மூன்று சாட்சிகள் இருந்தவருக்கே இந்தக் கதி.

குஞ்ஞாலி கலிமா சொல்லியிருப்பார் என்றே என் மனமும் சொல்கிறது. ஆனால் மனம் சொல்வதைச் சாட்சி சொன்னதாக எழுதினால், கிஸ்மத் கதை கட்டியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"அப்ப என்னதான் எழுதப் போறீங்க, தம்பி?" என்றார் பெரியவர்.

"கறுப்புத் துணியையும் தாழ்த்திய வாளையும் எழுதுவன், காக்கா" என்றேன். அவருக்கு அது போதவில்லை.