எருமைக்கு மாற்றாக வந்த லான்ட் மாஸ்டர்

தலைமன்னாரில் நெல் வயல் இல்லை. மணலும் பனையும் தென்னையும் உடைமரமும்தான். ஆனாலும் வயல் உழுவதற்கென்றே செய்யப்பட்ட இரு சக்கர உழவு இயந்திரம் அங்கேயும் ஓடுகிறது. பின்னால் பெட்டி பூட்டி, வலை, ஐஸ், மீன், பனையோலை, தண்ணீர் என்று எதையும் ஏற்றிக்கொண்டு மணலில் இழுபடுகிறது. உடம்பில் குபோட்டா என்றிருந்தாலும் சிபாங் என்றிருந்தாலும் ஊராருக்கு அது லான்ட் மாஸ்டர்தான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இலங்கையர் இருக்கிறார். ரே விஜேவர்தன 1924இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், விமானம் ஓட்டியவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர். 1950களில் அவர் வடிவமைத்த இரு சக்கர உழவு இயந்திரத்தை இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமைச் சேர்ந்த லான்ட்மாஸ்டர் நிறுவனம் தயாரித்து உலகெங்கும் விற்றது. பெரிய டிராக்டர் வாங்க வழியில்லாத, சிறு பாத்திகளுக்குள் அதைத் திருப்பவும் முடியாத விவசாயிக்கு இது தோதானது. எருமையின் பின்னால் நடந்தவர் இயந்திரத்தின் பின்னால் நடந்தார்.

1960களில் ஹார்வர்டில் தன் இயந்திரத்தைப் பற்றி அவர் உரையாற்றியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். எருமையை இயந்திரமாக்குவதா உங்கள் நோக்கம், விவசாயியின் விளைச்சலைக் கூட்டுவதா? அந்தக் கேள்வி ரேயை விடவில்லை. எருமை புல்லைத் தின்று சாணமும் பாலும் கன்றும் தருகிறது. இயந்திரமோ வெளிநாட்டு டீசலும் வெளிநாட்டு உதிரிப்பாகமும் கேட்கிறது. பின்னாளில் நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில், உழாமலே விதைக்கும் கருவிகளைச் செய்தார். 2010இல் இறக்கும்வரை அவர் வலியுறுத்தியதும் உழவைக் குறைத்த விவசாயத்தைத்தான்.

இயந்திரம் அவருடைய மனமாற்றத்துக்குக் காத்திருக்கவில்லை. ஜப்பானியக் குபோட்டாக்கள் வந்தன. 1977இல் இறக்குமதிக் கதவுகள் திறந்தபின் இன்னும் பெருகின. அவற்றுக்குப் பிறகு விலை குறைந்த சீன இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் பலவற்றின் நெஞ்சு எஸ் 195 வகை எஞ்சின்: படுக்கை வாட்டில் ஒற்றைச் சிலிண்டர், 12 குதிரைவலு, மேலே தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகியே சூடு தணியும். நொட்டிங்ஹாம் நிறுவனம் சந்தையிலிருந்து மறைந்தபிறகும் அதன் பெயரை இவை சுமந்தன.

மன்னாரில் இவற்றின் முதல் வேலைத்தலம் பெருநிலம்தான். கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களில் காலபோகத்துக்குச் சேறடித்தன. அறுவடை முடிந்ததும் பெட்டியில் நெல் ஏற்றின. போர் முற்றி 2007, 2008இல் சனம் வன்னிக்குள் இடம்பெயர்ந்தபோது, அதே பெட்டிகளில் கூரைத் தகரமும் பானை சட்டியும் பிள்ளைகளும் ஏறினார்கள். போன இயந்திரங்களில் பல திரும்பவில்லை. போர் முடிந்தபின் உதவியாகவும் கடனாகவும் புதியவை வந்தன. 2022இல் டீசல் இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில், ஹார்வர்டில் எழுந்த கேள்வி வடக்கின் வயல்களிலும் எழுந்தது.

தலைமன்னார் இருக்கும் மன்னார்த் தீவுக்குள் இயந்திரத்தின் வாழ்க்கை வேறு. இங்கே அதற்குச் சேறு இல்லை, மணலும் உப்புக் காற்றும் உண்டு. இவை இரண்டும் முதலில் கைவைப்பது பெல்ட்டில்.

எஞ்சினின் பறப்புச் சில்லோடு சேர்ந்த கப்பியிலிருந்து கிளட்ச் கப்பிக்கு வலுவைக் கடத்துவது ஆப்பு வடிவப் பெல்ட். சீன வகைகளில் பெரும்பாலும் மூன்று பெல்ட்கள் அருகருகே ஓடும். அமெரிக்காவின் டென்வரில் ஜோன் கேட்ஸ் 1917இல் ரப்பரில் இந்த வடிவத்தைச் செய்தார். அதற்கு முன்பு தோலும் கயிறும்தான். ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வித்திட்ட பிரேசில் கன்றுகள் 1876இல் வந்திறங்கிய தோட்டங்களில் ஒன்று நம் கம்பஹாவின் ஹெனரத்கொடை. இன்றைய பெல்ட்டிலோ செயற்கை ரப்பரும் உள்ளே இழுவிசை தாங்கும் பொலியஸ்டர் நூலும்தான் அதிகம்.

இந்தப் பெல்ட் அடியால் பிடிப்பதில்லை, பக்கங்களால் பிடிக்கிறது. சுமை ஏற ஏறக் கப்பியின் தவாளிப்புக்குள் ஆப்புப் போல இறுகுகிறது. பெட்டி மணலில் புதைந்து சக்கரம் நின்றுவிட்டால் பெல்ட் வழுக்கும். அந்த வழுக்கலால்தான் கியர்ப் பெட்டியின் பற்கள் தப்புகின்றன. மலிவான பொருள் தேய்ந்து விலை உயர்ந்ததைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை பெல்ட் மாற்ற வேண்டியிருந்தால் குற்றம் பெல்ட்டில் இல்லை. தவாளிப்பு, நேர்கோடு, இழுவை என்ற மூன்றில் ஏதோ ஒன்று பிழையாக இருக்கும்.

தவாளிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதன் அடி பளபளத்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது என்று பொருள். பெல்ட் தேய்ந்திருக்கும், அல்லது கப்பியின் சுவர் தேய்ந்து குழிந்திருக்கும். சுவர் குழிந்திருந்தால் எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் வீண். கப்பியை மாற்ற வேண்டும். தலைமன்னாரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கடற்கரையில் சில வாரம் சும்மா நின்ற இயந்திரத்தின் தவாளிப்பில் துரு பிடித்துச் சொரசொரப்பாகிவிடும். அதைத் துடைக்காமல் ஓட்டினால் அந்தத் துரு பெல்ட்டின் பக்கங்களை அரம்போல் அராவும்.

அடுத்தது நேர்கோடு. இரண்டு கப்பிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நான்கு இடங்களில் தொட வேண்டும். தொடாவிட்டால் எஞ்சின் கோணியிருக்கிறது. அதைத் தாங்கும் போல்ட்கள் அதிர்வில் இளகியிருக்கும். பெல்ட் புரண்டு தலைகீழாக ஓடுவதற்கும், ஒரு பக்கம் மட்டும் தேய்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

கடைசியாக இழுவை. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும், சூடேறும், ரப்பர் கண்ணாடிபோல் மினுங்கி இறுகும். அளவுக்கு மீறி இறுக்கினால் கிளட்ச் தண்டின் பெயாரிங் அழியும். எஞ்சினைச் சட்டத்தின் மேல் முன்தள்ளி இழுவையைக் கூட்டலாம். பெல்ட் மாற்றும்போதும் எஞ்சினை இளக்கிப் பின்தள்ளியே மாற்ற வேண்டும். திருப்புளியால் நெம்பிக் கப்பியின் விளிம்புக்கு மேலால் ஏற்றினால் உள்ளிருக்கும் நூல் அறும். வெளியே தெரியாத அந்தக் காயம் சில நாளில் பெல்ட்டை இரண்டாக்கும்.

எண்ணெய்க் கசிவையும் பார்க்க வேண்டும். சீல் போய் வழியும் எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். பிசுபிசுப்பாக ஏதாவது பூசி ஓட்டுவது அன்றைய பயணத்துக்கு உதவலாம், ஆனால் அதில் மணல் ஒட்டிக்கொண்டு தேய்வைக் கூட்டும். மூன்று பெல்ட்களில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவதும் நட்டமே. பழையவை நீண்டு தொய்ந்திருப்பதால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெல்ட்டின் மூடி. அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் அதை வீட்டு மூலையில் போட்டுவிடுகிறோம். மூடி இல்லாத பெல்ட்டில் மணல் மட்டும் ஏறுவதில்லை, சாரமும் சேலைத் தலைப்பும் விரலும் அகப்படும். ஓடும் எஞ்சினில் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் கைவிரலோடு முடியக்கூடியது.

ரே விஜேவர்தன எருமையை இயந்திரமாக்கினாரா என்ற வாதம் வயலுக்குரியது. தலைமன்னார் மணலில் லான்ட் மாஸ்டர் மாட்டு வண்டியைத்தான் இயந்திரமாக்கியிருக்கிறது. அந்த வேலையைப் பிழையில்லாமல் செய்கிறது. எருமையைப் போல அது கன்று ஈனாது. ஆகவே இருப்பதைக் காப்பதுதான் வழி.

வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்ட்டின் முதுகில் எழுத்தும் எண்ணும் இருக்கும். பி 72 என்றால் 17 மில்லிமீற்றர் அகலமுள்ள பி வகை, உள்நீளம் 72 அங்குலம். உங்கள் பெல்ட்டில் உள்ளது அழியுமுன் இயந்திரத்தின் உடம்பில் பெயின்றால் எழுதிவையுங்கள். கடைக்குப் போகுமுன் எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின், தவாளிப்புக்குள் ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே துருவோ குழியோ தட்டுப்பட்டால், வாங்க வேண்டியது பெல்ட் மட்டுமல்ல.