சைக்கிள் சக்கரம் கோத்தல்

ஹப், ரிம், ஸ்போக்ஸ் கம்பி, நிப்பிள் ஆகியவற்றைக் கையால் இணைத்து, கோட்டம் எடுத்துச் சக்கரமாக்கும் தொழில். செங்கல்பட்டு வட்டாரம் உட்படத் தமிழ்நாடெங்கும் சைக்கிள் கடைகளில் அருகிருந்து பார்த்தே கற்கப்படுகிறது.

1949இல் சென்னையில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற பழைய 28 அங்குல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள் வழக்கம். ஹப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் பாதிக் கம்பிகள் முன்னோக்கியும் மீதி பின்னோக்கியும் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். மிதிக்கும் விசையை ரிம்முக்குக் கடத்துவது இந்தச் சாய்வுதான். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கோப்பதைச் சீக்கிரம் கற்றுவிடலாம். கோட்டம் எடுப்பதுதான் உண்மையான வித்தை. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் இடப்புறம் ஒதுங்கும் இடத்தில் வலப்பக்கக் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு நிப்பிளைக் கால் சுற்று திருகினால் போதும்; அவசரப்பட்டால் கோட்டம் வேறிடத்துக்குத் தாவும். பக்கவாட்டு ஆட்டம் நின்றபின் வட்டம் சரியா என்றும் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் பக்கக் கம்பிகள் மற்றப் பக்கத்தைவிடச் செங்குத்தாக நிற்பதால் அவற்றுக்குக் கூடுதல் இறுக்கம் தேவை. ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். இறுக்கத்தை அளக்கும் கருவிகள் வந்தபின்னும் இந்தச் செவிப் பழக்கம் கைவிடத்தக்கதல்ல.

மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று நிப்பிள் மரையைத் துருவால் இறுக்கிவிடும். பிறகு திருகினால் கம்பி முறியும். ஆகவே கோக்கும்போதே மரையில் எண்ணெய் தொட்டு வைப்பதும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் தேர்வதும் நல்லது.